எதிர்வீட்டுக் கொங்கணி

நான் விறகுக்கடைக்காரன். மைசூரில் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. சொந்த ஊர் கொள்ளேகாலம் தாலுகா ஹனூர்ப் பக்கம். அந்தக் காலத்தில் கொள்ளேகாலம் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது, வெள்ளைக்காரன் சீமை. மைசூரோ மகாராஜா சீமை. அதனால் இங்கே நான் ‘தமிழன்’. ஊருக்குப் போனால் ‘கன்னடத்தான் வந்துட்டான்டோய்’ என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்!

என்னோடு என் அக்கா பழனாத்தாள் இருந்தாள். புருஷன் செத்து, பிள்ளை குட்டி இல்லாமல் வந்தவள். உட்கார்ந்து சாப்பிடுகிற ஜென்மம் இல்லை அவள். எதிர்வீட்டில் அப்பளம் இடிக்கப் போனாள். போனவள் போனவள்தான், இந்தக் கதை நடக்கும்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

எதிர்வீடு கொங்கணிக்காரர் வீடு. முகுந்த பாளிகா என்று பெயர், நாங்கள் பாளிகர் என்போம். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கறுப்புக் கோட்டும் ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகையுமாக அவர் சந்தில் இறங்கினால் நாய்கூட ஒதுங்கிப் போகும். மூன்று தலைமுறையாக மைசூர்வாசி. அவருடைய சம்சாரம் துங்காபாய் மங்களூருக்குப் பக்கத்துக் கார்க்களத்திலிருந்து பன்னிரண்டு வயதில் கல்யாணமாகி வந்தவள். ஒரே மகள் நளினி, பதினாறு வயது, பள்ளிக்கூடம் போகிறவள். துங்காபாய் போடுகிற உளுந்தப்பளத்துக்கு மைசூரில் பெரிய பெயர். கல்யாண வீடு என்றால் முதலில் அவளிடம்தான் சொல்லி அனுப்புவார்கள்.

வேலை கொல்லைப்புறத்தில். உளுந்துமாவில் மிளகு, பெருங்காயம், அப்பளக்காரம் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிக் கல்லுரலில் போட்டு இரும்புலக்கையால் இடிக்க வேண்டும். மாவு இழுத்தால் நூல்போல வரவேண்டும். அதுவரை இடி. இடிப்பது என் அக்கா, தேய்ப்பது துங்காபாய். அக்கா பச்சை மாவைத் தொடலாம், சமையலறை நிலைப்படியைத் தாண்டக் கூடாது. அக்கா கையால் துங்காபாய் ஒரு பருக்கை உண்டதில்லை. அதில் இருவருக்கும் வருத்தமும் இல்லை. காலம் அப்படி.

ஆனால் பேச்சுக்கு நிலைப்படி கிடையாதே! பாளிகர் வீட்டுக்குள் கொங்கணி பேசக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். பெண்ணின் நாக்குக் கெட்டுவிடுமாம். எல்லோரும் கன்னடம்தான். துங்காபாயும் உள்ளே கன்னடம் பேசினாள். கொல்லைக்கு வந்து, பாளிகர் ஆபீசுக்குப் போன சத்தம் கேட்டதும், உலக்கைச் சத்தத்துக்கு அடியில் கொங்கணியை அவிழ்த்துவிடுவாள். மாமியார் கதை, ஆற்றுமீன் கதை, அவள் ஊர்ப் பலாப்பழம், பழைய சண்டை. கேட்க ஆள் என் அக்கா ஒருத்திதான். முதல் இரண்டு வருஷம் ‘உம்’ கொட்டினாள். மூன்றாம் வருஷம் திருப்பிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“வெளிய சொன்னீன்னா பாரு. எம்பேர்ல ஆணை. பாளிகருக்குத் தெரிஞ்சா அந்தம்மாவத் தின்னு தீத்துருவாரு” என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

முப்பத்தொன்றாம் வருஷம் மாசி மாதம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கத் திருநாராயணன் வாத்தியார் வந்தார். மேல்கோட்டைத் தமிழ் ஐயங்கார் வம்சம், ஆரம்பப் பள்ளிக்கூட உபாத்தியாயர். எங்கள் சந்து அவர் தலையில் விழுந்திருந்தது. பாளிகர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மைக்கூட்டைத் திறந்து, பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதினார். சந்தில் எல்லோருக்கும் பொது பாஷை கன்னடம்தான். நான் தமிழில் சொல்கிறேன்.

“தாய்பாஷை?”

“மராட்டி” என்றார் பாளிகர்.

வாத்தியார் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். “கொங்கணின்னுன்னா எல்லாரும் சொல்லிண்டிருக்கா?”

“கொங்கணி என்று ஒரு பாஷையே கிடையாது ஸ்வாமி. மராட்டி கெட்டுப்போனால் கொங்கணி. அதற்கு எழுத்து உண்டா? புஸ்தகம் உண்டா? அடுப்பங்கரையில் பெண்பிள்ளைகள் முணுமுணுப்பதை எல்லாம் சர்க்கார் கணக்கில் ஏற்றுவார்களா? எங்கள் ஜனங்களுக்கும் இதைத்தான் சொன்னேன். சங்கத்தில் சண்டைக்கு வந்தார்கள். போங்கடா என்று எழுந்து வந்துவிட்டேன்.”

உண்மைதான். மைசூரில் பத்துப் பன்னிரண்டு கொங்கணி வீடுகள் இருந்தன. கணக்கில் எல்லோரும் கொங்கணி என்றே எழுத வேண்டும் என்று அவர்கள் கூடிப் பேசினார்கள். பாளிகர் எதிர்த்துப் பேசிச் சண்டை முற்றி, இனி ஒருத்தர் வாசலையும் மிதிக்க மாட்டேன், என் வாசலையும் யாரும் மிதிக்கக் கூடாது என்று சபதம் போட்டுவிட்டு வந்திருந்தார்.

விறகு நிறுத்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏனுங் சாமி, எழுத்து இல்லாட்டிப் பாஷை இல்லீங்களா? மங்களூருல கன்னட எழுத்துல எழுதறாங்களாம். கோவாவுல இங்கிலீசு எழுத்துல எழுதறாங்களாம். சோத்த வாழையிலையில போட்டாலும் சோறு, தட்டுல போட்டாலும் சோறுதானுங்களே?”

இந்த மங்களூர், கோவா விஷயமெல்லாம் துங்காபாய் அக்காவிடம் சொல்லி, அக்கா என்னிடம் சொன்னது. வாத்தியார் சிரித்துவிட்டார். பாளிகருக்கு மூக்குச் சிவந்தது.

“நஞ்சுண்டசாமி, உன் தமிழே தமிழ் இல்லை. மெட்ராஸில் போய்ப் பேசிப் பார், சிரிப்பார்கள். நீ பாஷைக்கு நியாயம் சொல்ல வந்துவிட்டாயா?”

“எங்காத்துத் தமிழைக் கேட்டுக் கும்பகோணத்துச் சம்பந்தி சிரிக்கறா. நாங்க எழுநூறு எண்ணூறு வருஷமா இதைத்தான் பேசிண்டிருக்கோம்” என்று வாத்தியார் எனக்குப் பரிந்து வந்தார். வந்து என்ன? மராட்டி என்றுதான் எழுதினார். வீட்டுக்காரர் சொல்வதை எழுதுவதுதான் அவர் வேலை. கதவிடுக்கில் துங்காபாயின் புடவைத் தலைப்புத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் உள்ளே போய்விட்டது.

என் தமிழ் தமிழ் இல்லையாம்! அந்த வார்த்தையை முடிந்து வைத்துக்கொண்டேன். வைத்திருக்கக் கூடாது. அதனால்தான் பிற்பாடு அந்தப் பாவத்தைச் செய்தேன்.

ஆடி பிறந்தது. மைசூர்ச் சாரல் தெரியுமல்லவா? பெய்யவும் பெய்யாது, விடவும் விடாது. அப்பளம் காயாத மாதம். உலக்கையைத் துடைத்துச் சாத்திவிட்டு, ஹனூருக்கு அப்பால் மார்டள்ளிப் பக்கம் எங்கள் பங்காளி காட்டில் ராகிக்குக் களையெடுக்க அக்கா போய்விட்டாள். அவள் போன நாலாம் நாள் காலையில் துளசிமாடத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போன துங்காபாய் சொம்போடு விழுந்தாள்.

நானும் பால்காரனும்தான் தூக்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டோம். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. வாய் கோணியிருந்தது. டாக்டர் வந்து பார்த்தார். “உயிருக்கு இப்போது பயமில்லை. விழுங்க முடிகிறது. ஆனால் ஆகாரம் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் நான் பொறுப்பில்லை” என்றார்.

ஆகாரம் போகவில்லை. அதுதான் வினை. நளினி கஞ்சி கரைத்து எடுத்துப் போனாள். துங்காபாய் அவளை உற்றுப் பார்த்தாள். குழறிக் குழறி என்னவோ கேட்டாள். நளினி கன்னடத்தில், “அம்மா, நான் நளினி, கஞ்சி குடிம்மா” என்றாள். துங்காபாய் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். பாளிகர் போனார், அதே கேள்வி. அவரும் கன்னடத்தில் கெஞ்சினார், அதே சுவர். சமையலுக்கு ஒரு பிராமணத்தியை அழைத்து வந்தார். அவளையும் கேட்டாள். அவள் வைத்த ரசம்சாதத்தை இடது கையால் தட்டிவிட்டாள்.

இளநீர் மட்டும் இறங்கியது. யார் சீவிக் கொடுத்தாலும் குடித்தாள். நான் சீவியதைக்கூடக் குடித்தாள். இளநீர் குடிக்கிறவள் கஞ்சியை ஏன் துப்புகிறாள்? ஒருத்தருக்கும் விளங்கவில்லை. அடுப்பில் ஏறாத பொருள் யார் கையிலும் வாங்கலாம், அடுப்பில் ஏறியதை ஆளறியாமல் வாங்கக் கூடாது, இதுதானே அவள் வளர்ந்த ஆசாரம்? கண்ணெதிரே இருந்தது. எங்கள் கண் அவிந்துபோயிருந்தது.

இருபது வருஷம் பேசிய கன்னடம் அவளிடமிருந்து முழுக்கப் போய்விட்டது. பேசவும் வரவில்லை, சொன்னால் புரியவும் இல்லை. வாயில் மிஞ்சியது கொங்கணி ஒன்றுதான். அதுவும் குழறல். பாளிகருக்குத் தெரிந்த கொங்கணி நாலு சொல். அதைக் கொண்டு அந்தக் குழறலை அவரால் பிடிக்க முடியவில்லை. பிடித்திருந்தால்கூடக் கொங்கணியில் பதில் சொல்லியிருப்பாரோ என்னவோ.

இரண்டாம் நாள் ஒரு மராட்டிப் பண்டிதரை அழைத்துக்கொண்டு வந்தார். “இவர் பேசினால் அவளுக்குப் புரியும். ஒரே பாஷைதானே” என்று நளினியிடம் நம்பிக்கையாகச் சொன்னதை நானே கேட்டேன். நல்ல மனுஷர் அந்தப் பண்டிதர். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார். மராட்டியில் மெதுவாகப் பதில் சொன்னார். துங்காபாய் அவரையும் அந்நியனைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.

வாசலுக்கு வந்து பண்டிதர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “இங்கொன்றும் அங்கொன்றுமாக எங்கள் வார்த்தை போலக் காதில் விழுகிறது. ஆனால் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. தப்பாக நினைக்காதீர்கள் பாளிகரே, இது மராட்டி இல்லை. இந்த அம்மாளின் ஜனங்கள் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள்.”

சங்கத்துக்காரர்கள் வீடு நாலு தெரு தள்ளித்தான். அந்த நாலு தெருவை அவரால் நடக்க முடியவில்லை. வீம்பு! பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், மனுஷனுக்கு வீம்பு!

அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? எனக்குத் தெரியுமே. என் அக்கா வந்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும் என்று விழுந்த அன்றைக்கே தெரியும். ஆணையை மீறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய். ‘என் தமிழ் தமிழ் இல்லையா? இரு, உன் மராட்டி வந்து காப்பாத்தட்டும்’ என்று உள்ளே ஒரு பேய் உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு விறகு நிறுத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நளினி கடைக்கு வந்தாள். இளநீர் சீவித் தரச் சொன்னாள். கையில் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

“அம்மா என்னைப் பார்த்து யாரோ மாதிரி முழிக்கறாங்க, மாமா. நான் பேசறது ஒண்ணும் அவங்களுக்குப் புரியல. எனக்கு அவங்க பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் கொடுக்கலையே” என்று அழுதாள்.

எனக்குச் சுரீர் என்றது. அன்றைக்கே போய்ப் பாளிகர் முன்னால் நின்றேன். “சாமி, எங்கக்காவுக்குக் கொங்கணி தெரியுமுங்க.”

“யாருக்கு? பழனாத்தாளுக்கா?”

“பதினஞ்சு வருசமா உங்க கொல்லையில பேசீட்டு இருக்குதுங்க. நாளைக்கு முதல் மோட்டாருக்குப் போயிக் கூட்டியாறேன். அதுவரைக்கும் எளநி நிறுத்தாம குடுங்க.”

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கொல்லைப்பக்கம் திரும்பி, அங்கே சாத்தியிருந்த உலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொள்ளேகாலம் வரை மோட்டார், அப்புறம் வண்டி, அப்புறம் நடை. அக்கா காட்டில் முழங்கால் சேற்றோடு குனிந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் களைக்கொத்தை வீசி எறிந்தாள்.

“எத்தன நாளாச்சு?”

“நாலாம் நாளு.”

“நாலு நாளா வாயில மண்ணையா வெச்சிருந்தே?”

“நீதான ஆணை போட்ட...”

“அட பாவி! ஆணை அந்தம்மா பொழைக்கறதுக்குப் போட்டதா, சாவறதுக்குப் போட்டதா? நடடா!”

மறுநாள் பகலுக்கு மைசூர் வந்து சேர்ந்தோம். சாரல் நின்றபாடில்லை. கால்சேற்றைக்கூடக் கழுவாமல் அக்கா நேரே எதிர்வீட்டுக் கொல்லைக்குப் போனாள். பழக்கம் பாருங்கள், அந்த அவசரத்திலும் சமையலறை நிலைப்படிக்கு இப்பாலேயே நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் கூடத்துக் கட்டில் தெரியும். துங்காபாய் கண்ணை மூடி, வற்றிப்போய்க் கிடந்தாள்.

அக்கா குரல் கொடுத்தாள். கொங்கணியில்.

துங்காபாய் கண்ணைத் திறந்தாள். “பழனா!” என்றாள். அது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. பிறகு அணை உடைந்தமாதிரி ஒரே பேச்சு. அக்கா கேட்டுக்கொண்டே நின்றாள். கேட்கக் கேட்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

“என்ன சொல்கிறாள்?” என்றார் பாளிகர்.

“அம்மாவுக்குப் பசிக்குதாமுங்க.”

“பசிக்கிறதா! பின்னே ஏன்...”

“ஆரோ தன்னக் கொண்டாந்து தெரியாத ஊட்டுல போட்டுட்டாங்களாமா. மூஞ்சியெல்லாம் பாத்த மாதிரி இருக்குதாம், பேச்சு வேறயா இருக்குதாம். ‘ஆம்சிகெலெ’யான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டுப் பாத்துதாம். ஒருத்தரும் பதில் சொல்லலையாம். ஆருன்னு தெரியாதவங்க ஆக்குன சோத்த எப்படித் திங்கறதுங்குது.”

ஆம்சிகெலெ என்றால் ‘நம்மவர்’. கொங்கணிக்காரர் ஊர்விட்டு ஊர் போனால் முதலில் கேட்கிற கேள்வி அதுதானாம். கட்டின புருஷனையும் பெற்ற மகளையும் பார்த்து, நீங்கள் நம்மவரா என்று ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நளினி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாளிகர் நிலைப்படிக்கு ஓடி வந்தார். “சொல்லு பழனாத்தாள்! இது அவள் வீடு, நாங்கள் அவள் மனுஷர்கள் என்று நீயே சொல்லிவிடு.”

“நாஞ் சொல்லமாட்டனுங்க.”

“ஏன்?”

“நான் இடிக்க வந்தவ. நாஞ் சொன்னா எம்மேல இருக்கற நம்பிக்கையில திங்கும். நான் ஊருக்குப் போனா மறுபடியும் வாயக் கட்டிக்கும். நீங்கதான் சொல்லோணும். அந்தம்மா பாஷையில சொல்லோணும்.”

“எனக்கு வராது.”

“நாஞ் சொல்லித் தாரன். மூணே மூணு வார்த்தைங்க. ‘இது உன் வீடு. ஆக்குனது உன் மக. நாங்க எல்லாம் ஆம்சிகெலெ.’ அவ்வளவுதான்.”

நிலைப்படிக்கு அந்தப் பக்கம் பாளிகர். இந்தப் பக்கம் சேற்றுக்காலோடு என் அக்கா. அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அந்த ஜரிகைப் பேட்டாக்காரர் பாலர் வகுப்புப் பிள்ளைபோல உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதல் வார்த்தை சொன்னார். துங்காபாய் திரும்பினாள். இரண்டாவது சொன்னார். மூன்றாவது வரவில்லை. அவள், உதடு கோணியபடியே, அந்தக் கேள்வியைக் கேட்டாள். அதற்குப் பாளிகர் தலையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தாமல் சொன்னார். ராகம் மாதிரி, தாலாட்டு மாதிரி இருந்தது. சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். நளினி கஞ்சிக்கிண்ணத்தைக் கொடுத்தாள்.

துங்காபாய் வாயைத் திறந்தாள்.

ஒவ்வொரு கரண்டியும் உள்ளே போவதை நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோம். பாதிக் கிண்ணம் இறங்கியது. மீதியை நளினி கையால் ஊட்டச் சொன்னாளாம். அது முடிந்ததும் அக்காவைப் பார்த்து ஒன்று சொன்னாள். அக்கா தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

“என்னக்கா?”

“கஞ்சியில உப்புப் பத்தலையாமா.”

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். “பாளிகரு கடைசியில என்னமோ நீளமாச் சொன்னாரே, நீ சொல்லிக் குடுத்ததா?”

“இல்லடா. அது நாஞ் சொல்லிக் குடுக்கல. கைக்கொழந்தைக்குச் சோறூட்டறப்ப ஆத்தாக்காரி சொல்ற பேச்சு அது. துங்கம்மா நளினிக்கு ஊட்டறப்பக் கொல்லையில மெதுவாச் சொல்லும், கேட்டிருக்கறேன். இவருக்கு எங்கிருந்து வந்துச்சு? இவரு ஆத்தா சொன்னதா இருக்கோணும். அந்தம்மா இவருக்கு அஞ்சு வயசுல செத்துப்போச்சாம்” என்றாள் அக்கா. எனக்கு அவர்மேல் இருந்த காய்ச்சல் எல்லாம் அன்றைக்கே விட்டது.

துங்காபாய் அப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். கன்னடம் திரும்பவே இல்லை. பாளிகர் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் கொல்லையில் ஒரு முக்காலி போட்டு உட்காருவார். அக்கா இடிக்க, அவர் கேட்க, நளினி தேய்க்க, கட்டிலில் இருந்தபடி துங்காபாய் எல்லோரையும் திருத்துவாள். சங்கத்துக்காரர்களிடமும் தானே போனார். நாலு தெருவும் நடந்தேதான் போனார். துங்காபாய் போய்ச் சேர்ந்தபோது அவர்கள்தான் தோள் கொடுத்தார்கள். நளினி கல்யாணமாகி மங்களூர் போனாள். பாளிகர் தனியாளானார். அவரே சமைத்துக்கொண்டார்.

நாற்பத்தொன்றாம் வருஷக் கணக்குக்கும் திருநாராயணன் வாத்தியாரே வந்தார். தலை நரைத்திருந்தது. அதே வாசல், அதே நாற்காலி.

“தாய்பாஷை? போன தரம் மராட்டின்னு...”

“கொங்கணி” என்றார் பாளிகர்.

வாத்தியார் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். பிறகு படிவத்தைப் பார்த்து, தயங்கி, “கணக்குக்காகக் கேக்கலை, சும்மா கேக்கறேன். ஆத்துல நீங்க ஒருத்தர்தானே இருக்கேள்? கொங்கணியை யாரோட பேசறேள்?” என்றார்.

பாளிகர் வாயைத் திறப்பதற்குள், எங்கள் கடை வாசலில் சுள்ளி கட்டிக்கொண்டிருந்த என் அக்கா இடுப்பில் கை வைத்து எழுந்து நின்று, சந்தே அதிர எதிர்வீட்டைப் பார்த்துக் கொங்கணியில் கத்தினாள். பாளிகர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஐயையோ” என்று அதே பாஷையில் பதில் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்.

“என்னவாம்?” என்றார் வாத்தியார்.

“அடுப்புல பருப்பு கருகுதாமுங்க” என்றேன்.